யூனிக்குப் போகமாட்டேன், அப்ரென்டிஸ்ஷிப் செய்யப்போகிறேன் என்கிறான் மகன்

ஹரோ அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். மகன் இங்கிலாந்தில் இயர் 12 (ஏ லெவலின் முதல் வருடம்) முடிக்கப்போகிறான், எடுத்தது மேத்ஸ், ஃபிசிக்ஸ், கம்பியூட்டர் சயன்ஸ். பதினாறு வயதில் எழுதுகிற ஜிசிஎஸ்இ சோதனை வரைக்கும் எங்களுக்கு ஒரு கரைச்சலும் தரவில்லை. ஏ லெவல் படிக்க சிக்ஸ்த் ஃபோர்ம் போன பிறகுதான் ஆள் மாறிவிட்டான், வாரத்தில் சில நாள் பதினொரு மணிக்குப் போகிறான், கேட்டால் ‘ஃப்ரீ பீரியட்’ என்கிறான், வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். மொக்கில் (மாதிரிச் சோதனையில்) ஃபிசிக்ஸ் சி.

இப்போது யூனி வேண்டாமாம், டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் செய்யப்போகிறானாம். சம்பளமும் தந்து டிகிரியும் தருவார்கள் என்கிறான். கணவருக்கு அப்ரென்டிஸ் என்றால் கராஜில் ஸ்பானர் பிடிக்கிற வேலைதான். மச்சாளின் மகள் மெடிசின் படிக்கிறாள், ஒவ்வொரு பிறந்தநாள் வீட்டிலும் அந்தக் கதை வரும், அதுவும் சேர்ந்து மனுஷன் நெருப்பாக நிற்கிறார். நாங்கள் ஃபீஸுக்கென்று சீட்டுக் கட்டிக்கொண்டும் வருகிறோம். இந்த அப்ரென்டிஸ்ஷிப் உண்மையிலேயே நல்லதா? கிடைக்காவிட்டால் என்ன செய்வது? நான் எவ்வளவுக்கு அவனைத் துரத்த வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்கட்டி:
அக்கா, நான் ஒரு சிக்ஸ்த் ஃபோர்மில் படிப்பிக்கிறேன். ஃப்ரீ பீரியட் பொய் இல்லை, மூன்று பாடம் மட்டும் எடுக்கிற பிள்ளைக்கு நேர அட்டவணையில் ஓட்டை இருக்கத்தான் செய்யும். ஆனால் அது படுக்கிற நேரம் இல்லை, வகுப்பில் எத்தனை மணித்தியாலமோ கிட்டத்தட்ட அவ்வளவு வெளியிலும் படிக்கச் சொல்லித்தான் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது. ‘படிச்சியா’ என்று கேட்டால் ‘ஓம்’ என்றுதான் பதில் வரும். அதை விட்டுவிட்டு, இந்தக் கிழமை செய்த பாஸ்ட் பேப்பர் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். எக்ஸாம் போர்ட் தளத்திலேயே பழைய வினாத்தாளும் மார்க் ஸ்கீமும் சும்மா கிடக்கின்றன. உங்களுக்கு ஃபிசிக்ஸ் தெரிய வேண்டியதில்லை, அவன் தானே சிவப்புப் பேனாவால் திருத்தியிருக்கிறானா என்று பார்த்தால் போதும்.

சி வந்ததற்காகத் தலையில் கை வைக்க வேண்டாம். இங்கே இப்போது ஏ லெவலுக்கு இரண்டு வருடப் பாடமும் கடைசியில்தான் சோதனை, இயர் 12 மார்க் அதில் சேராது. ஆனால் அந்த மார்க்கை வைத்துத்தான் பெரும்பாலான பள்ளிகள், கடைசிச் சோதனையில் என்ன எடுப்பான் என்று கணித்து பிரெடிக்டட் கிரேட் போடும், அதைப் பார்த்துத்தான் யூனிவர்சிட்டி இடம் தரும். நாங்கள் ஊரில், இலங்கையில், ஏ.எல் எழுதி, றிசல்ட் வந்து, கம்பஸ் தெரிவுக்கான இசட் ஸ்கோர் புள்ளியைப் பார்த்துவிட்டு கம்பஸுக்குப் போட்டோம். இங்கே சோதனை எழுத முன்னமே போட வேண்டும். இது விளங்காமல் ‘கடைசியில் படித்து எடுத்துவிடுவான்’ என்று இருக்கிற பெற்றோரை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். கோடை விடுமுறைக்கு முன்னரே ஃபிசிக்ஸ் ஆசிரியரிடம் போய், பிரெடிக்டட் கிரேட்டை எப்போது போடுவீர்கள், செப்டம்பரில் இன்னொரு சோதனை வைப்பீர்களா என்று நேரே கேளுங்கள். சில பள்ளிகள் வைக்கும்.

ஈஸ்ட்ஹாம் தம்பி:
அன்ரி, நான் இப்போது அதே டிகிரி அப்ரென்டிஸ்ஷிப்தான் செய்கிறேன், சொஃப்ட்வேரில். அங்கிளிடம் சொல்லுங்கள், கடைசியில் கிடைப்பது முழு டிகிரி, பட்டம் தருவது யூனிவர்சிட்டி. கட்டணத்தை நான் கட்டுவதில்லை, கடனும் இல்லை, முதல் மாதத்திலிருந்தே சம்பளம்.

ஆனால் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எனக்கு வாரத்தில் நாலு நாள் வேலை, ஒரு நாள் படிப்பு. அசைன்மென்ட் எல்லாம் இரவிலும் சனி ஞாயிறிலும்தான். கூட்டாளிகள் மூன்று மாதம் விடுமுறையில் கிரீஸ், போர்ச்சுகல் என்று போட்டோ போடும்போது நான் ஒன்பது மணி மீட்டிங்கில் இருப்பேன். பதினெட்டு வயதில் அலுவலகத்தில் எல்லோரும் அண்ணன் அக்கா வயது, சிலர் அப்பா வயது. சில பேருக்கு இது பிடிக்கும், சில பேருக்கு ஒத்துவராது. அவன் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிற ஆள் என்கிறீர்கள், அதனால் இதைக் கட்டாயம் யோசிக்கச் சொல்லுங்கள்.

போட்டியும் சாதாரணம் இல்லை. ஒன்லைன் டெஸ்ட், வீடியோ இன்டர்வியூ, பிறகு ஒரு நாள் முழுக்க அசெஸ்மென்ட் சென்டர் என்ற தேர்வு. நல்ல பிரெடிக்டட் கிரேட் இருந்தும் கிடைக்காதவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். யூனிக்கு விண்ணப்பிக்கிற பொது அமைப்பான யூகாஸ் மாதிரி எல்லாவற்றுக்கும் ஒரே முடிவுத் திகதியும் கிடையாது. பெரிய கம்பனிகள் பல செப்டம்பர், ஒக்டோபரிலேயே திறந்துவிடும், ஆட்கள் நிரம்பினால் சொன்ன திகதிக்கு முன்னமே மூடியும் விடுவார்கள். ஆகஸ்டிலேயே சீவி தயாராக இருக்க வேண்டும்.

ஒன்றைப் போட்டால் மற்றதைப் போட முடியாது என்று சட்டம் இல்லை. யூகாஸில் ஐந்து தெரிவையும் போடட்டும், அப்ரென்டிஸ்ஷிப்புக்கும் போடட்டும். நானும் அப்படித்தான் செய்தேன். என் அப்பாவும் அமைதியானார், ஏனென்றால் கையில் யூனி ஒஃபர் இருந்தது.

கணக்கப்பிள்ளை:
அந்தச் சீட்டுக் காசைத் தொடாதீர்கள் தங்கச்சி! இங்கிலாந்தில் 2025-26 இல் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண்ட்ஸ் வரை. பெரிய தொகைதான், ஆனால் அதைக் கட்ட அரசாங்கம் தருகிற ஸ்டூடன்ட் லோன் வங்கிக் கடன் மாதிரி இல்லை. 2023 ஓகஸ்ட் 1 இலிருந்து படிப்பைத் தொடங்கியவர்கள் சம்பளம் வருடத்துக்கு 25,000 பவுண்ட்ஸுக்கு மேல் போனால், மேலதிகமாக வருகிற தொகையில் 9 வீதம்தான் கட்ட வேண்டும். 30,000 எடுத்தால் அந்த 5,000 இல் 450, மாதத்துக்கு 37 பவுண்ட்ஸ் 50 பென்ஸ். வேலை போனால் கட்டத் தேவையில்லை, 40 வருடத்தில் மிச்சம் தள்ளுபடி. நல்ல சம்பளக்காரர் முழுவதையும் கட்டி முடிப்பார்கள் என்பதால், வீட்டில் காசு மலிந்து கிடக்கிறவர்கள் முன்னமே கட்டுவதில் ஒரு நியாயம் இருக்கலாம். சீட்டுக் கட்டிச் சேர்க்கிற குடும்பத்துக்கு அது இல்லை. அந்தக் காசு வீட்டு டெப்போசிட்டுக்கு உதவும்.

கஷ்டம் வருவது கட்டணத்தில் இல்லை, தங்கிச் சாப்பிடுகிற செலவில். அந்தச் செலவுக்கான மெயின்டெனன்ஸ் லோன் உங்கள் இருவருடைய வருமானத்தையும் பார்த்துத்தான் தருவார்கள், வருமானம் கூடக் கூட கடன் குறையும். அந்தத் துண்டு விழுகிற இடத்தைப் பெற்றோர் நிரப்ப வேண்டும் என்று யாரும் கடிதம் போட்டுச் சொல்லமாட்டார்கள். சீட்டை அதற்கு வைத்திருங்கள்.

மழைக்கோட்டு:
நான் கொஞ்சம் எதிராகச் சொல்கிறேன். பதினேழு வயதில் ஒரு கம்பனியோடு நாலைந்து வருடம் கட்டுப்படுவது சின்ன விஷயம் இல்லை. யூனியில் முதல் வருடத்தில் பாடத்தை மாற்றிய பிள்ளைகள் எத்தனையோ பேர். கடனுக்குப் பயந்து மட்டும் யூனி வேண்டாம் என்கிறானா, அல்லது உண்மையிலேயே வேலை செய்ய ஆசையா? அதை முதலில் கேளுங்கள், அதுவும் அப்பா இல்லாத நேரத்தில், காரில் போகும்போது. முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்றால் இந்தப் பெடியள் கொஞ்சம் வாய் திறப்பார்கள்.

ஹரோ அம்மா:
எல்லோருக்கும் நன்றி. இரண்டுக்கும் போடலாம் என்பது எங்களுக்குத் தெரியாது, இன்றைக்கே இவரிடம் தம்பி எழுதியதை வாசித்துக் காட்டினேன். ‘பட்டம் யூனிவர்சிட்டிதான் தருமா’ என்று இரண்டு தரம் கேட்டார், வேறொன்றும் சொல்லவில்லை. யூகாஸில் பிள்ளை தன்னைப் பற்றி எழுதுகிற அந்த ஸ்டேட்மென்ட் மாறிவிட்டது என்கிறார்களே, ரியூசன் சென்டரில் எழுதித் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

வெண்கட்டி:
காசைக் கொடுக்காதீர்கள். 2026 இல் யூனிக்குப் போகிறவர்களிலிருந்து அது ஒரே கட்டுரை இல்லை, மூன்று கேள்வி: ஏன் இந்தப் பாடம், படித்தவை எப்படித் தயார்ப்படுத்தின, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றும் சேர்த்து 4,000 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. வேறு விண்ணப்பங்களோடு ஒத்துப்போகிறதா என்று யூகாஸ் மென்பொருள் வைத்துப் பார்க்கும், ஒரே சென்டர் நாற்பது பிள்ளைகளுக்கு எழுதினால் மாட்டும். அவனே எழுதட்டும், ஆங்கிலப் பிழையை நாங்கள் பள்ளியில் பார்ப்போம்.

கணக்கப்பிள்ளை:
இன்னொன்று. மகன் இங்கே பிறந்தவனா? 2002 செப்டம்பர் 1 இலிருந்து 2011 ஜனவரி 2 வரைக்கும் பிறந்த பிள்ளைகளுக்கு சைல்ட் ட்ரஸ்ட் ஃபண்ட் என்று அரசாங்கம் சேமிப்புக் கணக்குத் திறந்திருக்கும், பல பேர் மறந்தே போனார்கள். 18 வயதில் அவன் எடுக்கலாம். தேடித் தருகிறோம் என்று காசு கேட்கிற கம்பனிகளிடம் போக வேண்டாம், வரித் திணைக்களமான எச்எம்ஆர்சியின் தளத்தில் அவனுடைய நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பரைப் போட்டு இலவசமாகத் தேடலாம்.