துருநீக்கியா, துருமாற்றியா?

கோத்தகிரியிலிருந்து:
வணக்கம். டிங்கரிங் பழகும் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். துருவின்மேல் தடவி அதைக் கறுத்து இறுகவைக்கும் மருந்துக்கான 'ரஸ்ட் கன்வர்ட்டர்' என்ற சொல்லில் நிற்கிறேன். போன வருடக் குறிப்பில் 'துருநீக்கி' என்று நானே போட்டிருந்தேன். அதைப் படித்த ஒரு பையன், தேயிலை ஏற்றும் பிக்கப்பின் கதவடியை உப்புத்தாளால் வெறும் தகடாகும் வரை தேய்த்துவிட்டு அதன்மேல் தடவினான். துருவே இல்லாத தகட்டில் அந்த மருந்துக்கு என்ன வேலை? பையன்மேல் தப்பில்லை, சொல்மேல்தான் தப்பு. பெயிண்ட் கொப்புளத்தைத் திருப்புளியால் நெம்பினால் துரு நம்மூர் வர்க்கி மாதிரி ஏடேடாகப் பெயரும். இரும்பைவிடத் துரு பருத்தது, அதனால்தான் பெயிண்டையே தூக்குகிறது. பெயர்வதைக் கம்பிப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஒட்டி நிற்பதன்மேல்தான் மருந்து. அது கறுத்து இறுகிய பிறகு பிரைமர். இத்தனையும் தெரிய ஒரு சொல் வேண்டும்.

உதகையிலிருந்து:
'துருத்தடுப்பி' இருக்கிறதே. 'துரு' முற்றியலுகரம், திருக்குறள், பசுத்தோல் போல ஒற்று மிகும். 'துருதடுப்பி' என்று அச்சிட்டுவிடாதீர்கள்.

குன்னூரிலிருந்து:
ஒற்று சரி ஐயா, பொருள் சரியில்லை. துரு வருமுன் காப்பதுதான் தடுப்பி. துத்தநாகப் பூச்சைச் சொல்லலாம். கீறல் விழுந்தாலும் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். இங்கே துரு வந்தேவிட்டது. தவிர, 'துருத்த' என்று வாய் தொடங்கினால் உலைத்துருத்திதான் நினைவுக்கு வருகிறது. பேசாமல் 'ரஸ்ட் கன்வர்ட்டர்' என்றே தமிழெழுத்தில் போடுங்கள். டப்பாவில் அதுதான் இருக்கிறது.

கொடைக்கானலிலிருந்து:
டப்பாவில் இருப்பதையே எழுதுவதற்குக் கையேடு எதற்கு? அந்த மருந்து பலவற்றில் டானிக் அமிலம், அதாவது ஒரு வகைத் துவர்ப்பு. துவர்ப்பு கடுக்காயில் உள்ளது, தேயிலையில் உள்ளது, தோல் பதனிட இந்த மலைகளில் நட்ட சீகை மரப் பட்டையில் உள்ளது. துருவேறிய ஆணி ஒன்றைக் கெட்டியான தேயிலைச் சாயத்தில் இரவு போட்டுவையுங்கள், காலையில் சாயம் மசியாகியிருக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். 'துவர்' என்றால் சிவப்பும்தான். துவராடை, துவர்வாய் என்கிறோமே! நோயின் நிறமும் துவர், மருந்தின் சுவையும் துவர். 'துவர்ப்பூச்சு' என்று வையுங்கள்.

கூடலூரிலிருந்து:
எங்கள் குடும்பம் 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தது. அங்கே துருவைக் 'கறள்' என்பார்கள். கறை, கறுப்பு, கறள் மூன்றும் ஒரே வேர் என்பது என் எண்ணம். கறள் கறுத்து அடங்குவதால் 'கறளடக்கி' பொருந்தும். ஈழத்தாருக்கும் புரியும்.

குன்னூரிலிருந்து:
கறள் நல்ல சொல், ஆனால் இங்கே பட்டறையில் ஒருவருக்கும் தெரியாது. துவர்ப்பூச்சில் வேறு சிக்கல்: பாஸ்பாரிக் அமிலம் மட்டுமே உள்ளவையும் விற்கின்றன. அவை துருவை இரும்புப் பாஸ்பேட் ஆக்குகின்றன, அவற்றில் துவர் ஏது? தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால் 'துருமாற்றி'. மின்மாற்றி பழகிய காதுக்கு உறுத்தாது.

உதகையிலிருந்து:
துருமாற்றிக்கு என் ஒப்புதல். 'மாற்றி' வல்லினத்தில் தொடங்காததால் ஒற்றுக் குழப்பமும் இல்லை.

கூடலூரிலிருந்து:
சரி, துருமாற்றி. அடைப்புக்குறியில் 'கறள்' ஒரு முறையாவது வரட்டும்.

கொடைக்கானலிலிருந்து:
நான் ஒப்பவில்லை. பட்டறையில் 'மாற்றுவது' என்றால் பழையதைக் கழற்றிப் புதியதைப் போடுவது. பையன் தகட்டையே வெட்டி எடுக்கப் போகிறான். கூடலூர்க்காரர் சொன்ன 'அடக்கி'யே சரி: துருவடக்கி. துருவை வெளியேற்றவில்லை, இருந்த இடத்திலேயே அடக்குகிறோம். செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவ மலம் என்று சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு, அந்த மலம் அழிவதில்லை, அதன் வலிமைதான் அடங்குகிறது என்பது தெரியும்.

கோத்தகிரியிலிருந்து:
அனைவருக்கும் நன்றி. மூவர் சொன்னபடி 'துருமாற்றி' என்றே அனுப்புகிறேன். கொடைக்கானல் ஐயாவின் அச்சம் நியாயமானது என்பதால், முதல் வரியிலேயே 'ஒட்டி நிற்கும் துருவைச் சுரண்டாதே, தகட்டை வெட்டாதே' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டேன். கறளும் உண்டு.

கொடைக்கானலிலிருந்து:
அந்த வரி இல்லாமலே புரியும் சொல்லைத்தான் கேட்டீர்கள். அடுத்த பதிப்புக்குள் மறுபடி எழுதுவேன்.