ராம் ஸ்லாட்டில் இறங்கவே மாட்டேங்குது, அவசரம்

பல்லடம் பையன்:
வணக்கங்க. முதல் தடவையாக வீட்டிலேயே கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன். ராம் ஸ்லாட்டில் இறங்கவே மாட்டேங்குது. ஒரு ஓரம் உட்கார்ந்தால் மறு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இன்னும் அழுத்தினால் மதர்போர்டே வளைகிறது. எவ்வளவு பலம் கொடுக்கலாம்? ராம் புதுசு, 16 ஜிபி. போர்டு மாமன் மகன் பெங்களூரில் இருந்து கொண்டுவந்து கொடுத்தது, நல்ல போர்டுதான். சிபியு ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. 4060 கிராபிக்ஸ் கார்டு உட்பட மற்றதெல்லாம் வாங்க நாளைக் காலையில் கோயமுத்தூர் கிளம்புகிறேன், அதற்குள் சொல்லுங்க.

உடுமலைக் காத்து:
முதலில் அழுத்துவதை நிறுத்துங்க. போர்டு மாடல் என்ன? ராம் மாடல் என்ன? ஸ்லாட்டையும் ராமையும் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ போடுங்க.

பழைய சர்வீஸ்காரர்:
தம்பி, ராமின் தங்கக் கால்களை ரப்பர் போட்டுத் தேய்த்துவிட்டு மாட்டுங்க. பென்சில் ரப்பர், இங்க் ரப்பர் கூடாது. ஸ்லாட்டுக்குள் பெயின்ட் பிரஷ் விட்டுத் தூசியை எடுங்க. என் கைக்கு வந்த ராம் கேஸெல்லாம் பெரும்பாலும் இதில்தான் சரியாகியிருக்கிறது.

வாட்டு கணக்கன்:
எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி, எது? எத்தனை வாட்?

சிறுவாணித் தண்ணி:
ராம் உள்ளேயே போகவில்லை என்கிறார். அதற்கு எஸ்எம்பிஎஸ் என்னங்க செய்யும்?

வாட்டு கணக்கன்:
இப்போது ஒன்றும் செய்யாது. அப்புறம் செய்யும்.

நுட்பன்:
மாதம் நாலு பேர் இதே கேள்வியோடு வருகிறார்கள். போர்டு எண், ப்ராசசர் எண், ராம் வகை, எஸ்எம்பிஎஸ் வாட், கேபினெட் அளவு, இந்த ஐந்தும் இல்லாத கேள்விக்குப் பதில் சொல்ல இங்கே யாரும் ஜோசியர் இல்லை. "நல்ல போர்டு" என்று ஒரு மாடல் கிடையாது.

ஈரோட்டு மஞ்சள்:
சிபியு இருக்கிறது என்கிறாரே, எந்த சிபியுங்க? ரைசனா, இன்டெலா? அது தெரிந்தால் போர்டும் பாதி தெரிந்துவிடும்.

பல்லடம் பையன்:
சிபியு அப்பாவுடைய பழைய ஆபீசில் ஏலத்தில் எடுத்ததுங்க. கறுப்புக் கலர். முன்னால் டிவிடி டிரைவ் இருக்கிறது.

நுட்பன்:
அது கேபினெட். சிபியு என்பது உள்ளே உட்காரும் ப்ராசசர். இதுகூடத் தெரியாமல் 4060 கேட்கிறது.

சிறுவாணித் தண்ணி:
விடுங்க நுட்பன். எங்கள் பள்ளிக்கூட லேபில் வாத்தியார் முதற்கொண்டு பெட்டியைத்தான் சிபியு என்பார்கள். தம்பி, ப்ராசசர் வாங்கியாச்சா, இல்லையா?

பல்லடம் பையன்:
இன்னும் இல்லைங்க. ரைசன் 5 5600 வாங்கலாம் என்று இருக்கிறேன். அதனால்தான் ராமையும் 5600 ஆகப் பார்த்து வாங்கினேன். டிடிஆர்5 தலைமுறை, 5600. ப்ராசசரும் ராமும் ஒரே நம்பர் இருந்தால்தானே சேரும்? போர்டில் பி450எம் என்று இருக்கிறது. போட்டோ கீழே. ராம் ஸ்லாட்டைப் பார்த்துச் சொல்லுங்க.

உடுமலைக் காத்து:
போட்டோவே எல்லாம் சொல்கிறது. ஸ்லாட்டுக்கு நடுவில் ஒரு சின்ன மேடு இருக்கிறது பாருங்க, ராமின் கால்வரிசையில் அதற்கு நேராக ஒரு வெட்டு இருக்கணும். உங்கள் ராமில் அந்த வெட்டு கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது. உங்கள் போர்டு டிடிஆர்4, ராம் டிடிஆர்5. இரண்டிலும் கால் 288தான், நீளமும் ஒன்றுபோலத்தான் தெரியும். வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றை இன்னொன்றின் ஸ்லாட்டில் மாட்டிவிடக் கூடாது என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். உள்ளே கரண்ட் கணக்கும் வேறு. டிடிஆர்4 ராமுக்கு 1.2 வோல்ட்டை போர்டு கொடுக்கும். டிடிஆர்5 ராமிலோ வோல்ட்டேஜைப் பிரித்துக் கொடுக்கும் சிப் ராம் மேலேயே இருக்கிறது. ஆகவே ரப்பர் போட்டுத் தேய்த்தாலும் இறங்காது, மன்னிக்கணும் சர்வீஸ்காரரே.

அப்புறம் அந்த 5600 கதை. ப்ராசசரில் 5600 என்பது வெறும் மாடல் பெயர். ராமில் 5600 என்பது வேகம், நொடிக்கு 5600 மில்லியன் தடவை டேட்டா கைமாறுகிறது என்று அர்த்தம். பேருந்து எண்ணுக்கும் டிக்கெட் விலைக்கும் என்ன சம்பந்தமோ, அதே சம்பந்தம்தான். ஆனால் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், இரண்டு கம்பெனியும் சேர்ந்து பேசி வைத்த மாதிரித்தான் இருக்கிறது.

ரைசன் 5 5600, பி450 இரண்டும் ஏஎம்4 சாக்கெட், அதாவது ப்ராசசர் உட்காரும் இடத்தின் வகை. ஏஎம்4-இல் டிடிஆர்5 கிடையவே கிடையாது. ஏஎம்5-இல் டிடிஆர்4 கிடையாது. ஆகவே வழி இரண்டு. ஒன்று, ராமைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 8+8 டிடிஆர்4 வாங்கி இதே போர்டில் 5600 போடுங்க. செலவு குறைவு. இன்னொன்று, ராமை வைத்துக்கொண்டு போர்டைக் கொடுத்துவிட்டு, பி650 போர்டும் 7600 ப்ராசசரும் வாங்குங்க. ராம் விலை ஏறிக் கிடக்கிற நேரத்தில் கையில் இருக்கிற ராமை விட மனசு வராது என்பது எனக்கும் தெரியும். 7600-இல் டிஸ்ப்ளே தருகிற அளவுக்குச் சின்ன கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, கார்டு மக்கர் செய்தாலும் போர்டில் வயரைச் சொருகிப் பார்த்துக்கொள்ளலாம். 5600-இல் அது கிடையாது.

முதல் வழி என்றால் பயாஸை, அதாவது போர்டுக்குள் இருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் மென்பொருளை, மறக்காதீங்க. பி450 போர்டு 2018-இல் வந்தது, 5600 ப்ராசசர் 2022-இல் வந்தது. பழைய பயாஸ் இருந்தால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். கடையிலேயே புது பயாஸ் ஏற்றித் தரச் சொல்லுங்க.

ஈரோட்டு மஞ்சள்:
தம்பி, இரண்டாவது வழியில் போவதாக இருந்தால் அந்த பி450 போர்டை எனக்குக் கொடுங்க. டிடிஆர்4 ராம் இரண்டு என்னிடம் சும்மா கிடக்கிறது.

சிறுவாணித் தண்ணி:
4060 பற்றி ஒரு வார்த்தை. அதில் பிசிஐஇ லேன், அதாவது போர்டோடு டேட்டா பரிமாறும் பாதை, எட்டுதான். பி450-இல் பிசிஐஇயின் பழைய, வேகம் குறைந்த மூன்றாம் தலைமுறை வரைதான் உண்டு. ஓடும், ஆனால் கார்டின் 8 ஜிபி நிரம்பிவிட்டால் தடுமாறும். பழைய 3060, 12 ஜிபி கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். இதைச் சொன்னால் எல்லோரும் அடிக்க வருவீர்கள்.

வாட்டு கணக்கன்:
அடிக்கவில்லை. ஆனால் 3060 170 வாட், 4060 115 வாட். ஏலத்தில் எடுத்த சிபியு பெட்டியில் இருக்கிற எஸ்எம்பிஎஸ் எதுங்க? இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன்.

பல்லடம் பையன்:
450 என்று ஒட்டியிருக்கிறதுங்க. பின்னால் சிவப்பாக ஒரு சுவிட்ச் இருக்கிறது, 115, 230 என்று. அதை எதில் வைக்கணும்? வீட்டுக்குப் பின்னால் எட்டு தறி ஓடுகிறது, அதனால் வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கும்.

வாட்டு கணக்கன்:
230-இல் வையுங்க, வைத்துவிட்டு மறந்துவிடுங்க. 115-க்குத் தள்ளி நம்ம ஊர் கரண்டைக் கொடுத்தால் பட் என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. உண்மையில் அந்தச் சுவிட்ச் இருக்கிறது என்றாலே அது பழைய சரக்கு. ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியைப் பாருங்க, எத்தனை ஆம்பியர்? கார்டுக்கு 6+2 வயர் வருகிறதா? ப்ராசசருக்கு 8 கால் வயர் வருகிறதா, 4 காலா? பார்த்துவிட்டு, எதுவாக இருந்தாலும் தூக்கிப் போடுங்க. 4060-க்கு என்விடியாவே 550 வாட் என்கிறது.

நுட்பன்:
டேப்பும் எடுக்கவும். ஆபீஸ் கேபினெட்டில் ஹார்ட் டிஸ்க் கூண்டு நடுவில் துருத்திக்கொண்டிருக்கும். பின்பக்கத் தகட்டில் இருந்து கூண்டு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, கார்டின் நீளத்தோடு ஒப்பிட்ட பிறகே காசு கொடுக்கவும். இதுவும் என் பழைய பதிவில் இருக்கிறது.

அமராவதிக் கரை:
தறி லைன் என்றால் முதலில் ஒரு ஸ்டெபிலைசர் வாங்குங்க. எங்கள் வீட்டில் பக்கத்துக் குடோனில் மோட்டார் போட்டால் டியூப்லைட் கண் சிமிட்டும்.

சிறுவாணித் தண்ணி:
ஸ்டெபிலைசர் வீண் செலவு. இப்போது வருகிற நல்ல எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வோல்ட் வரை தானே சமாளித்துக்கொள்ளும்.

அமராவதிக் கரை:
தறிக்குடோன் பக்கத்தில் ஒரு மாதம் குடியிருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்க. கோயமுத்தூரில் ஃபேன் காற்றில் உட்கார்ந்துகொண்டு பேசுவது சுலபம்.

பழைய சர்வீஸ்காரர்:
இரண்டும் வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் சொருகிவிடுங்க.

வாட்டு கணக்கன்:
எந்த இன்வெர்ட்டர்? ஸ்கொயர் வேவ், அதாவது கரண்டைச் சதுர அலையாகத் தருவது என்றால் ஃபேன் உறுமுகிற மாதிரி எஸ்எம்பிஎஸ்ஸும் உறுமும். அதோடு கரண்ட் போய் இன்வெர்ட்டர் கைக்கு வருவதற்குள் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்கிற நேரம் ஏறக்குறைய 16 மில்லிசெகண்டுதான். இன்வெர்ட்டரை யுபிஎஸ் மோடில் வைக்காவிட்டால் ஒவ்வொரு கட்டுக்கும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். லைன் கரண்ட் மாதிரியே சீரான அலையாகத் தரும் சைன் வேவ் வாங்கினால் நிம்மதி.

பழைய சர்வீஸ்காரர்:
என் கடையில் ஸ்கொயர் வேவிலேயே பல வருஷம் ஓடியது.

வாட்டு கணக்கன்:
அந்தக் காலத்து எஸ்எம்பிஎஸ்ஸில் ஆக்டிவ் பிஎஃப்சி, அதாவது இழுக்கிற கரண்டைச் சீராக்கும் சர்க்யூட், இல்லை, ஓடியிருக்கும்.

அமராவதிக் கரை:
எர்த் பற்றி யாருமே பேசவில்லையே. பழைய வீட்டில் பிளக்கில் மூன்றாவது ஓட்டை சும்மா பேருக்கு இருக்கும். கேபினெட்டின் பின்பக்க ஸ்க்ரூவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்க, சுர்ரென்று எறும்பு ஊருகிற மாதிரி இருந்தால் எர்த் இல்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் ரொம்ப நாள் அது கம்ப்யூட்டர் கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

நுட்பன்:
தலைப்பு ராம். தறி அல்ல, இன்வெர்ட்டர் அல்ல.

சிறுவாணித் தண்ணி:
தலைப்புப் போட்டவரையே காணோம், நீங்கள் ஏன் வருத்தப்படுகிறீர்கள்?

உடுமலைக் காத்து:
தம்பி கோயமுத்தூர் போயிருப்பார். இதைப் பார்த்தால் ஒன்று மட்டும். ஏஎம்5 எடுத்தீர்கள் என்றால் ஊசிக் கால்கள் எல்லாம் ப்ராசசரில் இல்லை, போர்டின் சாக்கெட்டில் இருக்கும். மூடியைத் திறந்த பிறகு கை, துணி எதுவும் உள்ளே படக் கூடாது. முதல் தடவை ஆன் செய்யும்போது ராமைப் பழக்கிக்கொள்ள போர்டு சில நிமிஷம் எடுத்துக்கொள்ளும், திரை கறுப்பாகவே இருக்கும். பயந்துபோய் சுவிட்சை அணைக்காதீங்க. ராம் ஒன்றுதான் என்பதால் ப்ராசசரில் இருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்க.

பல்லடம் பையன் (ஆறு நாள் கழித்து):
மன்னிக்கணும், தறியில் ஆள் இல்லை, வர முடியவில்லை. 7600, பி650, 4060. ராம் சொதக் என்று இறங்கியது. முதல் தடவை கறுப்பாகவே இருந்தது, எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன், டிஸ்ப்ளே வந்திருந்தது. ஹார்ட் டிஸ்க் கூண்டைக் கழற்ற வேண்டியிருந்தது. பி450 போர்டை ஈரோட்டு அண்ணனுக்கு பஸ்ஸில் போட்டுவிட்டேன். எல்லோருக்கும் நன்றிங்க.

வாட்டு கணக்கன்:
எஸ்எம்பிஎஸ்?

வாட்டு கணக்கன் (மறுநாள்):
தம்பி, எஸ்எம்பிஎஸ் மாற்றினீர்களா?

ஈரோட்டு மஞ்சள்:
போர்டு பத்திரமாக வந்து சேர்ந்தது, தம்பிக்கு நன்றி. ஒரு சின்ன சந்தேகம். எல்லாம் மாட்டிவிட்டேன், ராம் ஒழுங்காக இறங்கியது, ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை. மானிட்டர் வயரை மாற்றிப் பார்த்துவிட்டேன். என்னவாக இருக்கும்?

நுட்பன்:
ப்ராசசர் எண்?

ஈரோட்டு மஞ்சள்:
5600ங்க. நேற்றுத்தான் வாங்கினேன்.

நுட்பன்:
இந்த இழையை மேலே இருந்து ஒரு தடவை படிக்கவும்.

பழைய சர்வீஸ்காரர்:
அதெல்லாம் வேண்டாங்க. ராமைக் கழற்றி ரப்பர் போட்டுத் தேய்த்துப் பாருங்க.