கத்தி மேகசின் படிச்சவங்க, வாங்கினவங்க: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

கித்தாகாட்டான்:
மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் டவுன்ல ஒரு பழைய பேப்பர் கடை. அங்க 'பிளேட்' மேகசின் ஒரு அடுக்கு கிடந்துச்சு. அமெரிக்காவுல 1973-ல 'தி அமெரிக்கன் பிளேட்'னு ஆரம்பிச்சாங்களே, அதேதான். எனக்கு அப்பதான் கத்தி மேல பித்துப் பிடிச்ச நேரம். நான் கையை நீட்டுறதுக்குள்ள பக்கத்துல நின்ன ஒரு பெரியவர் ஒண்ணை உருவிட்டாரு. தோட்டத்து ரப்பர் ஸ்டோர்ல மெஷின் பழுது பார்க்கிற ஃபிட்டரா இருந்தவராம். பளபளன்னு இருந்த படத்தையெல்லாம் தள்ளிக்கிட்டே போனாரு. உருக்கு வகைப் பட்டியல் வந்ததும் நின்னுட்டாரு. 52100ங்கிற நம்பர் மேல விரலை வச்சு, "தம்பி, இது பேரிங்கு இரும்புதானே? இதுல எத்தனையோ கத்தி அடிச்சிருக்கேன். ஒண்ணு வருசக்கணக்கா நிக்குது, ஒண்ணு முத வெட்டுலயே தெறிக்குது. ஏன்னு போட்டிருக்கா, படிச்சு சொல்லு"ன்னாரு.

கார்பன் சுமார் 1 சதவீதம், குரோமியம் சுமார் 1.5 சதவீதம்னு சொன்னேன். தலையாட்டிக்கிட்டே கேட்டாரு. எந்தச் சூட்டுல எண்ணெயில முக்கணும்ங்கிற வரி பாதியில நிக்குது. அடுத்த தாளைக் காணோம், யாரோ கிழிச்சிருக்காங்க. அந்தக் கிழிசல் ஓரத்தைக் கட்டைவிரலால மேலேர்ந்து கீழ வரைக்கும் தடவிப் பார்த்தாரு. "சரிப்பா"ன்னு புத்தகத்தை என் கையில கொடுத்துட்டு மோட்டார் ஏறிப் போயிட்டாரு. பேர்கூட கேக்கல. ஒரே ஒரு தாள்! இன்னிக்கும் நெனச்சா மனசு ஆறல.

பெங்கேல் பாலா:
தம்பி, அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தா இதைச் சொல்லுங்க. எங்க மாமாவும் பட்டறை வச்சிருந்தவர்தான், துவைச்சல், அதாவது சூடேத்தி முக்கிக் கெட்டியாக்குறது, தப்பி அவர் கையில ஒரு கத்தி டிங்குன்னு விரிசல் விட்ட சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு. அவ்வளவுதான் என் கதை.

இப்ப விசயத்துக்கு வாங்க. 52100-ஐ 815-லேர்ந்து 845 டிகிரி செல்சியஸ் வரைக்கும் ஏத்தணும், அந்தச் சூட்டைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்கணும், அப்புறம்தான் எண்ணெய். தண்ணியில முக்கவே கூடாது, தெறிக்கிறதுக்கு அது ஒரு பெரிய காரணம். சூட்டைப் பார்க்க மீட்டர் இல்லைன்னா காந்தத்தை வச்சுப் பாருங்க. 770 டிகிரிகிட்ட இரும்பு காந்தத்துல ஒட்டாது. அதோட நிறுத்தாம இன்னும் கொஞ்சம் ஏத்தணும். வெயில்ல நின்னு நிறம் பார்க்காதீங்க, செவப்பு கண்ணை ஏமாத்தும், நிழல்ல பாருங்க. முன்னாடியே எண்ணெயைக் கை பொறுக்கிற சூட்டுக்குக் காய்ச்சி வைங்க. பக்கத்துல மூடி இருக்கட்டும், குப்புன்னு பத்திக்கும். எடுத்த கத்தி கண்ணாடி மாதிரி இருக்கும், கீழ போட்டா போச்சு. ஆறினதும் தள்ளிப்போடாம 200 டிகிரியில ரெண்டு மணி நேரம், அதை மறுபடி ஒரு தடவை. கேக் சுடுற அவன் போதும்.

இன்னொண்ணு. எல்லா பேரிங்கும் 52100 கிடையாது. சிலது மேல்தோல் மட்டும் கெட்டி, உள்ள மெத்து. அவருக்கு ஒண்ணு நின்னு ஒண்ணு போனதுக்கு இதுகூட காரணமா இருக்கலாம். லோரி ஸ்பிரிங் பட்டையும் அப்படித்தான், எல்லாரும் 5160ங்கிற ஸ்பிரிங் உருக்குன்னு அடிச்சுச் சொல்லுவாங்க, ஒரு துண்டை வெட்டித் துவைச்சு உடைச்சுப் பார்க்காம நம்பாதீங்க.

மேகசின்ல இதெல்லாம் தெளிவா இருக்கு. புதுசா வர்றவன் படத்தைப் பார்த்துட்டு மூடிடுறான், அதான் எனக்கு வருத்தம்.

ஒத்தையடிப்பாதை:
பாலா அண்ணே, நீங்க அடிக்கிறதைச் சொல்றீங்க, எடுத்துட்டுப் போறதைச் சொல்லலியே. கூட்டாளிகிட்ட காட்டலாம்னு மேகசினையும் புதுக் கத்தியையும் மோட்டார் கூடையில போட்டுட்டுப் போனேன். ரோட்டுல போலீஸ் தடுப்பு. அவரு கத்தியைத் தொடல, மொதல்ல மேகசினைத்தான் எடுத்தாரு. ஒவ்வொரு பக்கமா புரட்டுனாரு, எனக்கு வேர்த்து ஊத்துது. "இனி புவாட் அப்பா?"ன்னு மலாய்ல கேட்டாரு. இது எதுக்குன்னு கேட்டா 'அழகா இருக்கு'ங்கிறதைத் தவிர என் வாயில ஒண்ணும் வரல. கண்டிச்சு விட்டுட்டாரு.

நம்ம மலேசியாவுல 1958-லேர்ந்து சட்டம் இருக்கு. பொது இடத்துல ஆயுதம் வச்சிருந்தா அதுக்குச் சட்டப்படி ஒரு காரணம் இருக்கணும். காட்டுக்குப் போறவர் பாராங், அதான் வெட்டுக்கத்தி, வச்சிருக்காருன்னா காரணம் கண்ணுக்குத் தெரியுது. நம்ம ஆசை காரணம் ஆகாது. அமெரிக்க மேகசின்ல இடுப்புல செருகுற உறை, ஒரு கையால திறக்கிற மடக்குக் கத்தின்னு பக்கம் பக்கமா வரும், அதெல்லாம் அவங்க ஊருக்கு. ஆரம்பிக்கிற பசங்க இதைப் புரிஞ்சிக்கணும்.

பால்வெட்டுக்காரி மகள்:
எல்லாரும் உருக்கு, உறைன்னு பேசுறீங்க. வேட்டைக் கத்தி, சமையல் கத்தி, ஜப்பான் கத்தின்னு அத்தனை பக்கத்துல ரப்பர் மரத்துல பால் வெட்டுற கத்தியை நான் ஒருநாளும் பார்த்ததில்ல. இந்த நாட்டுல எத்தனை தோட்டம் அந்தக் கத்தியில ஓடுச்சு!

தம்பி வாங்கின மேகசின்ல கூர் பார்க்கிற முறை படத்தோட இருந்துச்சு. விளிம்பை விரல் நகத்து மேல லேசா வைக்கணும், வழுக்கினா மொக்கை, கடிச்சுப் பிடிச்சா கூர். நான் ஆச்சரியமா அம்மாகிட்ட காட்டினேன். அம்மா படத்தைப் பார்த்துட்டு இடது கட்டைவிரலை நீட்டுனாங்க. நகத்துல குறுக்கால மெல்லிசு மெல்லிசா கோடு. காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி லயத்து வீட்டு வாசல்ல உக்காந்து தீட்டித் தீட்டிப் பார்த்த கோடு. அந்தக் கையைத்தான் பிடிச்சிக்கிட்டே நான் வளர்ந்தேன், கண்டதே இல்ல.

பட்டையை மெல்லிசா சீவணும், உள்ள ஒரு மில்லிமீட்டர் விட்டு வைக்கணும். கத்தி அதைத் தாண்டி இறங்குனா மரத்துக்குக் காயம், திரும்ப வர்ற பட்டை முண்டு முண்டா வீங்கும், மறுபடி வெட்ட முடியாது. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் காயத்தைத்தான் எண்ணுவாரு. இருட்டுல, நெத்தி விளக்குல அந்த ஒரு மில்லிமீட்டரைப் பிடிக்கிறவங்களுக்கு எந்தப் பட்டயமும் கிடையாது. பாலா அண்ணே, படம் பார்க்கிறவனைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி அந்தப் படத்துல யாரு இல்லைன்னும் பாருங்க.

ராத்திரி சந்தை:
அக்கா சொல்றது நியாயம், ஆனா மேகசினை ஒரேயடியா தள்ளாதீங்க. பாசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில, ஒருத்தர் மடிச்சு அடிச்ச 'டமாஸ்கஸ்' உருக்குன்னு சொல்லி அலையலையா கோடு போட்ட கத்தி வித்தாரு, 180 வெள்ளி. மடிச்சு மடிச்சு அடிச்ச கத்தியா இருந்தா கோடு முதுகு வரைக்கும் ஓடும்னு படிச்சிருந்தேன். திருப்பிப் பார்த்தேன், முதுகு மொழுக்குன்னு வெறும் இரும்பு. அவர் என் முகத்தைப் பார்த்தாரு, நான் அவரைப் பார்த்தேன். சட்டுன்னு வாங்கி மேசைக்கு அடியில வச்சிட்டு அடுத்த ஆள்கிட்ட பேச ஆரம்பிச்சிட்டாரு. பின்னாடி நின்ன பையன் கையில காசை எண்ணிக்கிட்டு இருந்தான், அவனை இழுத்துட்டு வந்தேன்.

முதுகுலயும் கோடு இருந்தா நல்ல கத்தின்னு அர்த்தமில்ல, துவைச்சல் சரியில்லாம அழகா மட்டும் செய்யிறவங்களும் உண்டு. ஆனா முதுகுல இல்லைன்னா அங்கேயே வச்சிட்டு வந்துடலாம்.

அக்கா, அம்மாகிட்ட கேட்டு நீங்களே எழுதிப் போடுங்க. எந்தக் கல்லு, எந்தப் பக்கம் முதல்ல தீட்டணும், கத்தியை எப்படிப் பிடிக்கணும், படத்தோட. அந்த விரலையும் படம் எடுங்க.