ஈஐ (வேலைக் காப்புறுதி) காசை நிப்பாட்டிப்போட்டினம்: "வேலைக்கு ஆயத்தமாய் இல்லை" எண்டு கடிதம். உதவி தேவை

வெண்பனி:
வணக்கம். கனடாவில, ஒன்ராறியோவில இருக்கிறன். வெயார்ஹவுஸில ஆட்குறைப்பு, வேலை போட்டுது. ஈஐ ஒழுங்காய் வந்துகொண்டிருந்தது. போன கிழமை ஒரு அதிகாரி ஃபோன் எடுத்து, "நாளைக்கு முழுநேர வேலை கிடைச்சால் போவீங்களோ?" எண்டு கேட்டவ. காய்ச்சலில கிடந்த மகளுக்கு மருந்து பருக்கிக்கொண்டு நிண்டனான். "ஒன்பதில இருந்து ரெண்டு மணி வரைதான் ஏலும், பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை" எண்டு சொல்லிப்போட்டன். நேற்று கடிதம் வந்திட்டுது, காசுக்கு உரித்தில்லையாம். நான் சும்மா இருக்கேல்லை, 17 இடத்துக்கு விண்ணப்பிச்சிருக்கிறன். ஃபோன் வந்து ரெண்டு நாளில மாமியும் பிள்ளையைப் பார்க்க ஓமெண்டிட்டா. இனி ஏதும் செய்யலாமோ?

தும்பை:
முதல்ல கடிதத்தில இருக்கிற திகதியைப் பாருங்கோ. முடிவு உங்களுக்குத் தெரியவந்து 30 நாளுக்குள்ள மறுபரிசீலனை கேட்கவேணும். அதுக்குக் காசு இல்லை. அதிலயும் சரிவராட்டி மேன்முறையீடு செய்ய சமூகப் பாதுகாப்பு தீர்ப்பாயம் இருக்கு.

வேலைக் காப்புறுதிச் சட்டத்தின்ர 18ஆம் பிரிவு ஒவ்வொரு வேலைநாளையும் தனித்தனியாய்ப் பார்க்கும். வேலைநாள் எண்டால் திங்கள் முதல் வெள்ளி. ஆயத்தமோ இல்லையோ எண்டு பார்க்கிற அளவுகோல் ஃபோஷே (Faucher) எண்ட ஒரு பழைய நீதிமன்ற வழக்கில இருந்து வந்தது. கேள்வி மூண்டு: பொருத்தமான வேலை வந்தால் உடனே போக விருப்பமோ, அந்த விருப்பம் தேடுறதில தெரியுதோ, நீங்களாய் நிபந்தனை வைச்சு வாய்ப்பை அளவுக்கு மீறிக் குறைக்கிறீங்களோ. முதல் ரெண்டிலயும் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. மூண்டாவதிலதான் அந்த "ஒன்பது - ரெண்டு" பிடிச்சிட்டுது.

கடலோரம்:
குடும்பப் பொறுப்போட ஒத்துப்போகாத நேரமெண்டால் அது பொருத்தமான வேலை இல்லை எண்டு ஒழுங்குவிதியிலயே இருக்கு. அதையும் எழுதுங்கோ தங்கச்சி.

தும்பை:
அக்கா சொல்லுறது சரி, கட்டாயம் எழுதுங்கோ. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கவேண்டாம். எந்த வேலை பொருத்தம் எண்டது ஒரு கேள்வி, உங்கட நேர எல்லை எவ்வளவு இறுக்கம் எண்டது வேறொரு கேள்வி.

வெண்பனி:
அந்த ஃபோனில நான் அப்பிடிச் சொல்லேல்லை எண்டு எழுதலாமோ? பயமாய்க் கிடக்கு.

கடலோரம்:
ஐயோ வேண்டாம். நீங்கள் சொன்னதை அவை குறிச்சு வைச்சிருப்பினம். பொய் எண்டு தெரிஞ்சால் தண்டமும் வரும். அண்டைக்கு நிலைமை அப்பிடித்தான் இருந்தது, மாமி இந்தத் திகதியில இருந்து பார்க்கிறா எண்டு உள்ளதை எழுதுங்கோ. முந்தின நாளுகளுக்குக் கிடைக்காட்டிலும் அந்தத் திகதியில இருந்தாவது திருப்பித் திறக்க வழி இருக்கு. எனக்கு அப்பிடித்தான் நடந்தது. மாமியிட்ட கடிதம் வாங்கேக்க நாள், நேரம், அவவின்ர ஃபோன் நம்பர் மூண்டும் இருக்கவேணும். "நான் உதவி செய்வன்" எண்டு மட்டும் எழுதி நான் குடுத்த முதல் கடிதம் ஒண்டுக்கும் உதவேல்லை.

தும்பை:
வேலை தேடினதுக்கும் ஒரு பட்டியல் போடுங்கோ: திகதி, இடம், என்ன வேலை, எப்பிடி விண்ணப்பிச்சது, என்ன பதில். ரெசுமே திருத்தினது, ஜொப் பாங்கில (அரசாங்கத்தின்ர வேலை தேடுற இணையத்தளம்) பதிஞ்சது, தெரிஞ்ச ஆக்களிட்ட விசாரிச்சது எல்லாம் முயற்சிதான். முக்கியமான விசயம், ரெண்டு கிழமைக்கொருக்கா ஈஐக்கு அனுப்புற ரிப்போட்டை நிப்பாட்டிப்போடாதேங்கோ. முடிவு உங்கட பக்கம் வந்தாலும் ரிப்போட் இல்லாத கிழமைகளுக்குக் காசு எடுக்கிறது சிக்கல்.

வெண்பனி:
ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. ஈமெயிலைத் தோண்டினால் 17 இல்லை, 22 வருது. மாமி "திங்கள் முதல் வெள்ளி, காலமை பள்ளிக்கு விடுறதும் பின்னேரம் 6 மணி வரை பார்க்கிறதும் நான்" எண்டு தன்ர கையால எழுதி, ஃபோன் நம்பரும் போட்டுத் தந்திட்டா. நாளைக்கு அனுப்புறன்.