'சார்ஜ்' என்பதற்கு 'உரு': மந்திரக்கோலின் விலைக் கணக்கை முன்வைத்து

நண்பர்களுக்கு வணக்கம்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து கற்பனைப் பாத்திரங்களாக ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில், மந்திரக்கோலுக்குள் அடைத்து வைத்த மந்திரத்தை ஒரு முறை ஏவினால் ஒரு 'சார்ஜ்' தீரும். அந்தச் 'சார்ஜ்' என்பதற்கு 'ஏற்றம்', 'தடவை' என வந்த இரண்டு பரிந்துரைகளையும் பார்த்தேன். நாம் தமிழாக்கிக்கொண்டிருக்கும் அத்தியாயம் விலைவாசியைப் பற்றியது என்பதால் இரண்டுமே அங்கே இடறும் என்று அஞ்சுகிறேன். "கோலின் ஏற்றம் குறைந்தது" என்று எழுதினால் விலையேற்றம் தணிந்ததாகவே வாசகர் கொள்வார். மின்னேற்றத்தை நினைப்பவரோ தீர்ந்த கோலை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என எண்ணுவார், நாம் எடுத்துக்கொண்ட விதிகளில் அதற்கு இடமில்லை. 'தடவை' பேச்சுக்குச் சரி. ஆனால் "ஒரு தடவை செலவானது" என்றால் செலவானது எது என்ற கேள்வி தொக்கி நிற்கிறது.

சொல் இல்லாத குறையை நான் உணர்ந்தது எங்கள் வீட்டு மேசையில்தான். பெங்களூரு அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஆறு பேர் கூடி இந்த ஆட்டத்தை ஆடுகிறோம். என் அண்ணன் மகள் தன் தாளில் 50 கோடுகளைப் பென்சிலால் ஐந்தைந்தாகப் போட்டு வைத்துக்கொண்டு, கோலை நீட்டும்போதெல்லாம் ஒன்றை அழிப்பாள். சென்ற வாரம், "சித்தப்பா, கோல்ல இன்னும் பதினொண்ணு இருக்கு" என்றாள். பதினொன்று என்ன என்று கேட்டேன். அவளுக்கும் சொல் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

'உரு' என்பது என் பரிந்துரை. மந்திரத்தை ஒரு முறை முழுக்க ஓதுவதை ஓர் உரு என்று எண்ணுவது நம் வழக்கு. இலட்சம் உரு ஏற்றினால் மந்திரம் பலிக்கும் என்பார்கள். பிள்ளைகள் வாய்பாட்டை உருப்போடுவதும் இந்தச் சொல்லைக் கொண்டுதான். 'உருவேற்றிய கோல்', '50 உரு கொண்ட கோல்', 'ஓர் உரு செலவு' என்று எல்லா வேற்றுமையிலும் எல்லா வினையோடும் இது இணங்கி வருகிறது.

இச்சொல்லை நான் வற்புறுத்துவதற்கு மொழியழகு மட்டும் காரணமன்று; ஓதியவரின் உழைப்பும் அதற்குள் இருக்கிறது. 2000-இல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மூன்றாம் பதிப்பின் விதிநூல்களில் உள்ள விலைகளைப் பாருங்கள். முதல் நிலை மந்திரம் ஒன்றை முதல் நிலை மந்திரவாதி ஒருவர் கூலிக்கு நேரில் ஓத 10 பொற்காசு. அதையே சுருளில் எழுதி வாங்கினால் 25. குப்பியில் அடைத்தால் 50. 50 உரு கொண்ட கோலாக வாங்கினால் 750, அதாவது உருவுக்கு 15. மந்திரம் ஒன்றுதான், விளைவும் ஒன்றுதான். கூடுதலாகக் கொடுக்கும் காசெல்லாம், ஓதுபவரை உடன் அழைத்துச் செல்லாமல் அவருடைய வேலையை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு போவதற்கான விலை. அதே பதிப்பில் பயிற்சியில்லாத கூலியாளின் நாள் ஊதியம் ஒரு வெள்ளிக்காசு. பத்து வெள்ளி ஒரு பொன். ஆக ஓர் உருவுக்கு 150 நாள் கூலி, முழுக் கோலுக்கு 7,500 நாள், ஏறத்தாழ இருபதரை ஆண்டு.

செய்தவருக்கு என்ன கிடைக்கிறது என்பது இதைவிட வேடிக்கை. 750 பொன் கோலுக்கு மூலப்பொருள் செலவு அதில் பாதியான 375. அதோடு, செய்பவரின் பாத்திரம் ஆட்டத்தில் ஈட்டி, நிலை உயரப் பயன்படுத்தும் அனுபவப் புள்ளிகளில் 30 கரைகிறது. ஆட்டக்காரர் தம் பொருளை விற்றாலோ பாதி விலைதான், அதே 375. கைமுதல் திரும்புகிறது, கரைந்த 30 புள்ளிக்கு ஈடாக ஒரு காசும் இல்லை. நம்மூர்த் தறிக்காரர் இந்தக் கணக்கைக் கேட்டால் சிரிக்கமாட்டார். பார்த்த கணக்குதானே என்பார்.

இரண்டு மறுப்புகள் வரும். உரு என்றால் வடிவம் என்றுதான் முதலில் படும், எழுத்துரு முதலிய சொற்களும் இருக்கின்றன என்பது ஒன்று. எண்ணோடு வரும்போது குழப்பம் எழாது. 'உருக்கள்' என்று பன்மையாக்காமல் '11 உரு' என்றே எழுதினால் போதும். உரு ஏறுவதன்றிக் குறைவதில்லை என்பது மற்றொன்று, இது வலுவானது. நம் வழக்கில் செபித்த எண்ணிக்கை யாருக்கும் குறைவதில்லைதான். ஆயினும் செய்பவர் ஏற்றி வைத்ததைத்தான் வாங்கியவர் செலவழிக்கிறார்; ஏற்றும் இடமும் இறங்கும் இடமும் வேறு வேறு ஆட்கள் என்பது விலை அத்தியாயத்துக்குப் பொருந்தவே செய்கிறது.

கோல், குப்பி, வாள் எல்லாவற்றுக்கும் பொதுவான 'மேஜிக் ஐட்டம்' என்பதற்கு 'மாயப்பொருள்' வேண்டாம், கண்கட்டு வித்தையாகிவிடும். மந்திரித்த கயிறு போல 'மந்திரித்த பொருள்' என்றே வைக்கலாம்.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. 2,000 பொன்னுக்கு மேல் விலையுள்ள மந்திரித்த வாளுக்கு உரு எண்ணிக்கை கிடையாது, எத்தனை முறை வெட்டினாலும் தீராது. பழையவை அழியாமல் புதியவை சேர்ந்துகொண்டே போனால் அதன் விலை இறங்கித்தானே ஆகவேண்டும், நூல் ஏன் அசையாமல் நிற்கிறது என்பது வேறு விவாதம். கோலைத் 'தீருரு' என்றும் வாளைத் 'தீராவுரு' என்றும் பிரிக்கலாமா, அல்லது உருவே இல்லாத ஒன்றை அப்படி அழைப்பது தவறா? இலக்கணம் அறிந்தவர்கள் வியாழக்கிழமைக்குள் சொன்னால், வரைவில் திருத்திவிட்டு ஞாயிறன்று மேசையில் பேசிப் பார்க்கிறேன்.