மகனுக்கு அந்தப் பிரெஞ்சு ரேஸ் கார்ட்டூன் பொருந்துமா?

டிக்கோயா வாசகி:
வணக்கம். மகனுக்கு எட்டு வயது. சித்திரை லீவில் நுவரெலியாவில் மககஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் பார்த்ததிலிருந்து, லயத்து வாசல் சிமெந்தில் கரித்துண்டால் வளைவு வளைவாகப் பாதை போடுகிறான். நெருப்புப்பெட்டிதான் கார். வளைவுக்கு முன்னால் வாயாலேயே கியர் குறைக்கிறான்! பழைய பிரெஞ்சு ரேஸ் கார்ட்டூன் ஒன்று இருக்கிறதாமே, பெயர் என்ன? அவன் பார்க்கலாமா?

அட்டன் மெக்கானிக்:
அது 'மிஷேல் வயான்' அக்கா, 1990இல் வந்தது. ஆங்கிலத்தில் 'ஹீரோஸ் ஆன் ஹாட் வீல்ஸ்' என்று தேடுங்கள். ழான் கிராத்தோன் 1957இல் தொடங்கிய சித்திரக்கதைதான் மூலம். எனக்குப் பிடித்தது அந்தக் குடும்பம்: அப்பா கம்பெனி நடத்துகிறார், அண்ணன் காரை வடிவமைக்கிறான், தம்பி ஓட்டுகிறான். வெற்றி ஓட்டுபவனுக்கு மட்டும் சொந்தமில்லை என்பது பிள்ளைக்குத் தானாகவே புரியும். லீடர் என்ற எதிரணி சதி செய்யும், விபத்தும் வரும். முதலில் கூட இருந்து பாருங்கள்.

பண்டாரவளை தாத்தா:
மகளே, பிரான்சில் நடக்கும் லு மான் 24 மணிநேரக் கார்ப் பந்தயத்தையும் அவனுக்குச் சொல்லு. ஒரே காரை ஓட்டுநர்கள் மாறி மாறி இரவு முழுக்க ஓட்டுவார்கள். 2017இல் அங்கே வயான் பெயரிலேயே நிஜக் கார்கள் ஓடின.

டிக்கோயா வாசகி:
நன்றி தம்பி, நன்றி ஐயா. நிஜக் கார் என்றதும் நெருப்புப்பெட்டிக்கு நீலத்தாள் ஒட்ட உட்கார்ந்துவிட்டான்.