புதுப்பிப்பு: ராமநாதபுரம் – பாம்பன் ஓட்டத்தில் மைலேஜ் குறைந்தது ஏன்?

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. 1.2 லிட்டர் பெட்ரோல் கார் லிட்டருக்கு 14 கி.மீ.தான் தருகிறது என்று கேட்டிருந்தேன்.

டயரில் காற்று குறையவில்லை. ஏர் ஃபில்டர் மாற்றியும் பலனில்லை. "ஓட்டி நிறுத்தியதும் நாலு சக்கரத்திலும் சூடு பாருங்க" என்று தொண்டி அண்ணன் எழுதியதுதான் கை கொடுத்தது. முன் இடது சக்கரம் மட்டும் கொதித்தது. உப்புக்காற்றில் கேலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகர உதவும் பின் (pin) துருப்பிடித்து இறுகி, பிரேக் பேடு டிஸ்க்கை விடாமல் உரசியிருக்கிறது. சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸ் போட்டு, ரப்பர் உறையும் மாற்றியாச்சு. ஃபுல் டேங்க் கணக்கில் இப்போது 18. கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்கள் இதை முதலில் பாருங்கள்.

எதிர்பாராத விஷயம் ஒன்று. இப்போது அடிக்கும் தென்மேற்குக் காற்றில் பாம்பன் போகும்போது நல்ல மைலேஜ், திரும்பும்போது சரிகிறது. மணிக்கு 30 கி.மீ. வேக எதிர்க்காற்றில் 80-ல் போனால், கார் 110-ல் போகும் காற்றுத்தடையைச் சந்திக்கிறது. தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. கம்பெனி மைலேஜ் ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுப்பது, அங்கே இந்தக் காற்று கிடையாது. திரும்பும்போது 60-ல் வருகிறேன், வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.